ஒரு மீட்டருக்கு நாலு நிமிடம்

என் தம்பி முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டினான். ஓட்டினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளதைச் சொன்னால் அவன் உதைத்தான், அது ஓடியது. அவன் வண்டியில் பழகியவர்கள் படியில் ஒரு காலை வைத்ததுமே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். புதிதாய் ஏறியவர்கள்தான் நடுவில் நின்று பையைத் திறந்து கண்ணாடியைத் தேடுவார்கள். வண்டி கிளம்பும். தேடிக்கொண்டிருந்தவர் கடைசி இருக்கையில், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்திருப்பார். அப்படி மடியில் விழுந்து, பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் முடிந்த கதை ஒன்றே ஒன்று உண்டு. மற்றதெல்லாம் சண்டையில்தான் முடிந்தது.

பணிமனையில் அவனுக்கு உலுக்கி என்று பேர். அவனோடு வேலை பார்த்த கண்டக்டர்களுக்கெல்லாம் தொடை கருங்கல்லாய் இறுகிப் போயிருந்தது. ஓய்வு பெற்ற அன்று கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது பயணிகள் எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்குக் கைதட்டினார்கள் என்று நான் விளக்கப் போகவில்லை. கூடப் பிறந்தவள் அந்த அளவுக்காவது இருக்க வேண்டாமா?

வண்டி மட்டுமில்லை, அவன் கைபட்ட எல்லாமே அப்படித்தான். கதவைத் திறந்தால் சுவரில் மோதும். டீயைக் கலக்கினால் பாதி தட்டில் இருக்கும். கல்யாணமும் அதே லட்சணம். தையல்கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போனவன், மூன்றாவது சட்டைக்குத் தோள் அளவு எடுக்கும்போது தையல்காரியிடம், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டான். "வாயில நாலு குண்டூசி இருந்துச்சுக்கா, இல்லேன்னு சொல்ல முடியல" என்பாள் அவள், இன்றைக்கும். நல்லவள். ஊசியைத் துப்பிவிட்டாவது சொல்லியிருக்கலாம் என்று நானும் சில நாள் நினைத்ததுண்டு.

நான் கீழ்வீட்டில் இருக்கிறேன். அவர்கள் இருவரும் மேலே. மேலே இருப்பது ஒரு நீள அறை. அதன் நடுவில் அவளுடைய துணி வெட்டும் மேஜை, எட்டடி நீளம். மேஜையின் ஒரு கோடியில் மோட்டார் வைத்த தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று காலையிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வு பெற்ற புதிதில் இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற பேருந்துகளை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். "பார்றி, மாடு மேய்க்கிற மாதிரி ஓட்டுறான்!" இரண்டு மாதம் பொறுத்தாள். மூன்றாவது மாதம், "எங்கயாவது போயிட்டு வாங்க. எங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்று செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.

போனவன் ரயில் பொம்மைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தான். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. மாடல் என்று சொல்ல வேண்டுமாம். நான் பொம்மை என்றுதான் சொல்வேன்.

ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற பதினோரு கிழவர்கள். அந்த மாடி முழுக்க மேஜை. மேஜை முழுக்கத் தண்டவாளம். சுண்ணாம்பில் செய்த மலை, அதில் ஒரு குகை, நகத்தளவு மனிதர்கள் நிற்கிற ஸ்டேஷன். எஞ்சின் ஒவ்வொன்றும் கை நீளம்கூட இல்லை. இந்த எஞ்சின்கள் என் பேரன் வைத்திருந்த பொம்மை மாதிரி விர்ரென்று ஓடக் கூடாதாம். நிஜ ரயில் எப்படிக் கனமாய், மெதுவாய், உடம்பை அசைக்காமல் கிளம்புகிறதோ அப்படிக் கிளம்ப வேண்டுமாம். அதற்குத்தான் இத்தனை பேரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அதாவது, தலையில் முடி மிச்சம் இருப்பவர்கள்.

முதல் நாள் போய்விட்டு வந்தவன் நேராக என் அடுப்படிக்கு வந்து நின்றான். கதவு சுவரில் மோதவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"அக்கா, அங்க ஒரு பல் டாக்டர் எஞ்சின் வெச்சிருக்காரு. அது கிளம்பினதையே நான் பாக்கலக்கா."

"வேற எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

"அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்! நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பாத்தா போய்க்கிட்டு இருக்கு. நடுவுல எப்பக் கிளம்புச்சுன்னே தெரியல." கரண்டியை எடுத்துச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தான். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அப்படி ஒரு வண்டியைக் கிளப்பினது இல்லக்கா."

கேலி செய்ய வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

சங்கத்தில் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். செயலாளர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். உள்ளே நிற்கிறவருக்கு லிஃப்ட் கிளம்பியதே தெரியக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதை ரயிலுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோதனை இதுதான்: ஒரு மீட்டர் தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் சுண்ணக்கட்டியால் கோடு. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு தட்டை வண்டி. அதன்மேல் விரல் நீளப் பென்சில் துண்டு ஒன்று நட்டமாய் நிற்கும். எஞ்சின் கிளம்பும்போது பென்சில் விழக் கூடாது. நடுவில் எங்கேயும் எஞ்சின் நிற்கக் கூடாது. அந்த ஒரு மீட்டரைக் கடக்க நாலு நிமிடமாவது ஆக வேண்டும். நாலு நிமிடத்தில் நான் அந்தத் தூரத்தைத் தவழ்ந்தே கடந்து, திரும்பி வந்து, வெங்காயமும் அரிந்துவிடுவேன். ஆனால் அவர்களுக்கு அதுதான் வீரம்.

மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் பிறகு வேடிக்கை பார்க்க வரலாம், டீ குடிக்கலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, சுற்றிலும் கோடு போட்ட திருகுக் குமிழில் மட்டும் ஆயுளுக்கும் கை வைக்க முடியாது. போதாததற்கு, லிஃப்ட்காரர் பன்னிரண்டு வருடம் என் தம்பியின் பேருந்தில் வேலைக்குப் போனவர்.

"உங்களை நல்லா ஞாபகம் இருக்கு டிரைவர்" என்றாராம் முதல் நாளே. "என் மூக்குக் கண்ணாடி மூணு தடவை உடைஞ்சிருக்கு. மூணும் உங்க வண்டியிலதான்."

முதல் சோதனைக்கு நான் போகவில்லை, இரண்டாவதுக்கும் போகவில்லை. அவன் சொன்னதில் பாதியையும், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது பல் டாக்டர் சொன்னதில் பாதியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இவன் வாங்கியிருந்தது பழைய காலத்துக் கரி எஞ்சின் மாதிரி செய்த பொம்மை ஒன்று. பக்கத்துக்கு மூன்று சக்கரம், மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னத் தண்டு. சுத்தமாய் இருந்தால் நன்றாய் ஓடும் என்று யாரோ சொல்ல, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான். பளபளவென்று ஆகிவிட்டது. சோதனையன்று குமிழை மெல்லத் திருகினான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அசையவில்லை. பேருந்துக்காரன் கை சும்மா இருக்குமா? ஒரு முறுக்கு முறுக்கினான். எஞ்சின் தவளை மாதிரி எம்பியது. பென்சில் பறந்துபோய்ப் பல் டாக்டரின் டீயில் விழுந்தது.

"ஒம்பது செகண்டு" என்றார் லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்து. "நாலு நிமிஷத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு டிரைவர்."

பல் டாக்டர்தான் இவனைத் தனியாக அழைத்துச் சொன்னார். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் உள்ளே போகிறது. உப்புத்தாள் போட்ட கீறல் ஒவ்வொன்றிலும் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். மின்சாரம் விட்டுவிட்டு வரும். வராத நேரத்தில் இவன் முறுக்குகிறான். வந்ததும் அது பாய்கிறது. "பல்லை உப்புத்தாள் போட்டா தேய்ப்பீங்க?" என்று கேட்டாராம். இவனைப் பற்றித் தெரியாமல் கேட்டிருக்கிறார்.

அப்புறம் இவன் மாறினான். புதுச் சக்கரம் வாங்கிப் போட்டான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மட்டும் துடைத்தான். சக்கரத்தின் முதுகைத் தொட்டு மின்சாரம் வாங்கும் மயிரிழை மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாய் வளைத்து, எல்லாச் சக்கரத்திலும் படுகிற மாதிரி செய்தான். எஞ்சின் வயிற்றுக்குள் தூண்டில் ஈயத்தை நசுக்கி வைத்துக் கனமாக்கினான். இதெல்லாம் எங்கே நடந்தது? அவளுடைய வெட்டும் மேஜையின் மறுகோடியில். ஒரு மீட்டர் தண்டவாளத்தை அங்கே திருகாணி போட்டு இறுக்கிவிட்டான். இந்தக் கோடியில் அவள் சீருடை தைப்பாள். அந்தக் கோடியில் இவன் மூக்கு மேஜையில் உரச எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் மேலே ஒரே அலறல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். "நாலு நிமிஷம் முப்பத்தஞ்சு செகண்டு!" என்று குதிக்கிறான். எனக்கும் ஓட்டிக் காட்டினான். உண்மையாகவே அழகுதான். எஞ்சின் நகர்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் கிடந்த நூற்கண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. பென்சில் சிலை மாதிரி நின்றது. எனக்குத்தான் இரண்டாவது நிமிடத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

இந்தத் தெம்போடு இரண்டாவது சோதனைக்குப் போனான். வீட்டில் கிளம்பிய அதே இடத்துக்குக் குமிழைத் திருகினான். எஞ்சின் செத்த பல்லி மாதிரி கிடந்தது. இன்னும் கொஞ்சம் திருகினான். கிடந்தது. இன்னும் கொஞ்சம். எம்பியது. பென்சில் விழுந்தது. இந்தத் தடவை டீயில் விழவில்லை. பல் டாக்டர் முன்யோசனையாய்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து வைத்தால் பூ மாதிரி போகிறது! நாலரை நிமிடம்! இவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "அந்த மாடியில கரண்ட் சரியில்ல" என்றான். "லிஃப்ட்காரன் ஏதோ பண்றான்" என்றான். "எஞ்சினுக்கு அந்த ஆளைக் கண்டாப் பயம்" என்றுகூடச் சொன்னான். ஒரு வாரம் சோறு சரியாய் இறங்கவில்லை. ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். அதையும் விட்டால் முடிந்தது.

அந்தச் சமயத்தில் அவளுடைய தங்கைக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். அவள் போன மறுநாள் எஞ்சின் வீட்டிலேயே நின்றுவிட்டது. துடைத்தான், பிரித்தான், மாட்டினான். எம்பியது, நின்றது, எம்பியது. சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எப்ப வர்ற?"

"நாளைக்கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"நாளைக்கே வந்துடேன். எனக்கு ஒண்ணுமே சரியில்ல."

இருபத்தெட்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் வண்டியைப் பிடித்து வந்துவிட்டாள், பாவம். வரும் வழியில் அவனுக்கு ஒரு புதுக் கைக்குட்டைகூட வாங்கி வந்தாள்.

வந்தவள் அரைகுறையாய்க் கிடந்த சீருடையை முடித்துவிடலாம் என்று மெஷினில் உட்கார்ந்தாள். இவன் மறுகோடியில் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். குமிழைக் கொஞ்சம் திருகின மேனிக்கே விட்டிருந்தான். அவள் பெடலில் பாதத்தை வைத்தாள். மெஷின் முனகியது. எஞ்சின் கிளம்பியது.

"நிறுத்து!" என்று கத்தினான்.

பயந்துபோய் நிறுத்தினாள். எஞ்சின் நின்றது.

"தை!"

தைத்தாள். எஞ்சின் போனது.

"நிறுத்து! தை! நிறுத்து!"

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன்!"

நான் போய்ப் பார்க்கும்போது அவன் இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "நடுங்குதுக்கா" என்றான். "மெஷின் ஓடுறப்ப மேஜை பூரா நடுங்குது. எஞ்சினுக்குள்ள ஏதோ ஒட்டிக்கிட்டு நிக்குது. மேஜை நடுங்குறதுலதான் அது பிடி விடுது. சர்க்கரை டப்பாவைத் தட்டுனா ஒட்டினது உதிருமே, அந்த மாதிரி. ஏய், இத்தனை நாளும் நான் ஓட்டல, நீ தச்சதாலதான் ஓடியிருக்கு!"

அவள் எழுந்து நின்றாள். "இதுக்காகத்தான் என்னை ஓடி வரச் சொன்னீங்களா?"

புத்தியுள்ள ஆண்பிள்ளையாய் இருந்தால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பான். இவன், "அப்ப எனக்குத் தெரியாதே. இப்பத்தான் கண்டுபிடிச்சேன்" என்றான்.

அன்றைக்கே தையல் மெஷின் என் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டது. நானும் அவளும் சேர்ந்துதான் இறக்கினோம். இவன் உதவிக்கு வந்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டான். நாலு நாள் ஒரு பேச்சு கிடையாது. என் சாப்பாட்டு மேஜையில் சீருடை மலை மாதிரி குவிந்தது. நான் கழுத்துப்பட்டைகளுக்கு நடுவில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

மேலே மேஜை அசையாமல் இருந்தது. இவனுக்கு வேண்டியதும் அதுதான், தண்டனையும் அதுதான். ஒட்டிக்கொள்கிற இடம் எது என்று தெரியாமல் நாள் முழுக்க எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கீழே வரும். ர்ர்ர்ர்–க், ர்ர்ர்ர்–க். ஐந்தாம் நாள் அவள் கையிலிருந்த துணியை வீசினாள்.

"அக்கா, இனிமே என்னால பொறுக்க முடியாது."

"விவாகரத்தா?"

"இல்லக்கா, அந்தச் சத்தம். ஒரு சுத்துக்கு ஒரு தடவை விக்குது. காது இருக்குற யாருக்கும் கேக்கும். என் மெஷின் இப்படி விக்குனா நான் ஒரு நாள் வெச்சிருப்பேனா?"

மேலே போனாள். நானும் பின்னாலேயே போனேன். இந்த மாதிரி நேரத்தில் கீழே இருப்பவள் முட்டாள். அவள் எஞ்சினைத் தலைகீழாய்ப் பிடித்து, சக்கரத்தை விரல் நுனியால் மெல்லச் சுற்றினாள். "இங்க... இங்க... இதோ, இங்க பிடிக்குது பாருங்க. சக்கரத்துல தப்பு இல்ல. மூணையும் சேத்துக் கட்டியிருக்கே இந்தத் தண்டு, இதோட ஓட்டை இறுக்கமா இருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு தடவை இங்க வந்து முட்டிக்கிட்டு, அப்புறம் பிச்சுக்கிட்டுப் போகுது."

இவன் மாணவன் மாதிரி தலையாட்டினான். அது எனக்குப் புதிது.

பல் டாக்டரிடம் ஊசி மாதிரி மெல்லிய அரம் ஒன்று இரவல் வாங்கி வந்து, அந்த ஓட்டையை மயிரிழை அகலமாக்கினார்கள். அவள் அரத்தைப் பிடித்தாள்; அவன் கையில் கொடுத்தால் ஓட்டைக்குள் எஞ்சினே விழுந்துவிடும். இன்னொன்றும் இருந்தது. மோட்டார் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற திருகாணிப் பல், பிடிப்பில்லாமல் முன்னும் பின்னும் நகர்ந்து குலுக்கியது. அதற்குச் சட்டைக் காலரில் வைக்கிற பிளாஸ்டிக் பட்டையை வட்டமாய் வெட்டி இடைவெளியில் செருகினாள். ஒரு சொட்டு எண்ணெய். ஊசி முனையில் தொட்டு வைத்த சொட்டு. பிறகு எஞ்சினைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தில் மின்சாரம் கொடுத்து, முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் என்று மூன்று நாள் சும்மா ஓடவிட்டார்கள், பல்லெல்லாம் ஒன்றோடு ஒன்று பழகட்டும் என்று.

எஞ்சின் சரியாகிவிட்டது. கை இருக்கிறதே.

"ஏன் முறுக்குறீங்க?"

"போகலையே!"

"போகலேன்னா காத்திருங்க. மெஷின்ல முதல் தையல் போடுறப்ப நான் பெடலை மிதிக்க மாட்டேன். பாதத்தை மேல வெச்சுட்டுச் சும்மா இருப்பேன். அதுக்கே தெரியும் எப்பப் போகணும்னு."

"எவ்வளவு நேரம் காத்திருக்குறது?"

"முப்பத்தோரு வருஷமா உங்க வண்டிக்கு ஜனங்க காத்திருந்தாங்கல்ல? நீங்க அஞ்சு செகண்டு இருங்க."

மூன்றாவது சோதனைக்கு நானும் போனேன். அவள்தான், "தோத்துட்டா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர ரெண்டு பேரு வேணும்க்கா" என்றாள். மாடிப்படி ஏறும்போதே கீழே அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் இடம். அன்றைக்கு ஏதோ அவசர வேலையாம். பதினோரு கிழவர்களும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரிசையாய் நின்றார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். பல் டாக்டர் கடிகாரத்தை எடுத்தார். லிஃப்ட்காரர் பென்சிலை நட்டுவைத்தார்.

"இதுதான் கடைசி, டிரைவர்."

"தெரியும் சார்."

குமிழைத் தொட்டான். அவ்வளவுதான், எஞ்சின் போய்க்கொண்டிருந்தது. பென்சில் அசையவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எறும்பை விட மெதுவாய்ப் போகிற ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான், வெட்கமாய்த்தான் இருந்தது. கோட்டைத் தாண்டியதும் பல் டாக்டர், "நாலு நிமிஷம் நாப்பத்தொண்ணு!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லிஃப்ட்காரரே விதியும் உறுப்பினர் பேரும் எழுதிய சங்க நோட்டைத் திறந்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

இவன் வாங்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் வைத்தான்.

"சார், இது செல்லாது."

"என்ன செல்லாது?"

"மேஜை நடுங்குது. கீழ அச்சு மெஷின் ஓடுது. கையை வெச்சுப் பாருங்க. வீட்டுல நடுங்காத மேஜையில நான் குமிழை இன்னும் ரெண்டு கோடு திருகணும். இங்க தொட்டதும் கிளம்பிடுச்சு. நான் கிளப்பல சார், அந்த மெஷின் கிளப்பிச்சு."

"பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வாங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாஸ்னா பாஸ், டிரைவர். விதியில தரையைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்படியா? எனக்கு எழுத்து தெரியாது, நீங்களே படிங்க" என்றேன் நான். மேலிருந்து கீழ்வரை படிக்க வைத்தேன். பென்சில் இருந்தது, கோடு இருந்தது, சங்க அறையில் எச்சில் துப்பக் கூடாது என்றுகூட இருந்தது. தரை இல்லை. "பாத்தியாடா, இல்லையே! கையெழுத்துப் போடு" என்றேன்.

"போட மாட்டேன்க்கா."

"சரி" என்றார் லிஃப்ட்காரர். "மறுபடி ஓட்டுறதா இருந்தா, இதை அழிச்சுடுவேன். அதுல தோத்தா மூணாவது தடவையும் தோத்ததாத்தான் எழுதுவேன். அப்புறம் எங்கிட்ட வரக் கூடாது."

"அழிங்க சார்."

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். "நாசமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பல் டாக்டர் கீழே போய்ப் பேசினார். அச்சுக்காரர் தாள் மாற்ற எப்படியும் நிறுத்த வேண்டுமாம், பதினைந்து நிமிடம் தருகிறேன் என்றார். மெஷின் நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் என் நாற்காலியும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

குமிழைத் தொட்டான். எஞ்சின் அசையவில்லை. ஒரு கோடு திருகினான். அசையவில்லை. இன்னொரு கோடு திருகிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டு இருந்தான். எஞ்சின் நின்றுகொண்டே இருந்தது. அவன் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். அறுபது வருடமாய்த் தெரியும். இதோ முறுக்கப் போகிறான், பென்சில் பறக்கப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா" என்று அவள் கிசுகிசுத்தாள். எப்போது திரும்பினாளோ. "போகுது."

கண்ணைத் திறந்தேன். போய்க்கொண்டிருந்தது. எப்போது கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்களும் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் தும்மினார். பத்துப் பேர் அவரைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தார்கள். எஞ்சின் தும்மலைக் கண்டுகொள்ளவில்லை.

"நாலு நிமிஷம் ஏழு செகண்டு" என்றார் பல் டாக்டர்.

லிஃப்ட்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை நீட்டினார். இவன் வாங்கினான். கையெழுத்துப் போடும்போது தாள் கிழிந்துவிட்டது. எஞ்சின்தான் திருந்தியிருந்தது. அவள் அந்தப் புதுக் கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். துடைத்ததைக் குத்தினாள் என்றும் சொல்லலாம்.

மறுநாள் தையல் மெஷின் மேலே ஏறிப் போனது. என் சாப்பாட்டு மேஜை எனக்குக் கிடைத்தது.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தின் பெரிய தண்டவாளத்தில் இவனுடைய சரக்கு வண்டி ஓடுகிறது. இருப்பது ஒரே பாதை. இவன் அதில் எஞ்சினை விட்டால் மலையைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகிறதாம். பின்னால் பல் டாக்டரின் எக்ஸ்பிரஸ், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள், எல்லாம் குகைக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. போன வாரம் லிஃப்ட்காரர் நோட்டைத் திறந்து புது விதி ஒன்று எழுதிவிட்டார்: ஒரு மீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அக்கா, என்னை வேகமா ஓட்டச் சொல்றாங்க" என்று வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

"ஓட்டேன்டா. உனக்கா தெரியாது?"

"திருகிப் பாத்தேன்க்கா. கை வர மாட்டேங்குது."